எட்டு போடும்போது கால் தரையைத் தேடுகிறது

பைக் ஓட்டுநர் உரிமத் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டேன். நேர்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் தடுமாறாமல் ஓட்டுகிறேன். எட்டு போடும்போதுதான் கால் தானாகத் தரையைத் தேடுகிறது. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, போக வேண்டிய பக்கம் பார்க்கச் சொல்கிறார்கள். மூன்றையும் சேர்த்துச் செய்தால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. திருப்பத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சாயும் என்பதை முழங்கால் காயத்தோடு கற்றுக்கொண்டேன்.

என் உயரம் 155 செ.மீ. வண்டியின் இருக்கை உயரம் 800 மி.மீ.; நுனிக்கால்தான் எட்டுகிறது. இருக்கை தாழ்ந்த வண்டிக்கு மாறினால் சரியாகுமா, அல்லது என் கிளட்ச் பழக்கம்தான் கோளாறா? இதே நிலையிலிருந்து தேறியவர்கள் என்ன பயிற்சி செய்தீர்கள்? “பயப்படாதே” என்பது மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.