கன்ட்ரோலர் 18ன்னு காட்டுது, பீர் வேற சொல்லுது: உங்க அனுபவம் என்ன?

யாரா நதிக்கரை, மெல்பர்ன்

வீட்ல பீர் போடுற நம்ம ஆளுங்க பலர்கிட்ட இருக்கிற செட்டப் ஒண்ணுதான். பழைய ஃபிரிட்ஜ், ஒரு ஹீட் பெல்ட் (பாத்திரத்தைச் சுத்திக் கட்டற சூட்டுப் பட்டை), ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்ட எஸ்டிசி-1000 மாதிரி சூட்டைப் பார்த்துக்கற ஒரு கன்ட்ரோலர் பெட்டி. அது மக்கர் பண்ணினா "பெட்டி போச்சு"ன்னு புதுசு வாங்கிடறாங்க. நான் பார்த்தவரைக்கும் பெட்டி ஒழுங்காத்தான் இருக்கும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க, முதல்ல என்னுது.

செகண்ட் ஹேண்ட்ல வந்த செட்டப். சென்சார் ஃபிரிட்ஜுக்குள்ள காத்துல தொங்கிட்டிருந்தது. ஃபிரிட்ஜ் கொஞ்சம் ஓடும், நிக்கும், பெல்ட் சூடாகும், அது நின்னதும் மறுபடி ஃபிரிட்ஜ். ராத்திரி முழுக்க மாமியார் மருமகள் சண்டைதான். காத்து சில நிமிஷத்துல குளிர்ந்துடும், 23 லிட்டர் திரவம் அசைய மணிக்கணக்காகும். அதுவும் ஈஸ்ட் மும்முரமா வேலை செய்யற முதல் ரெண்டு மூணு நாள்ல அதுவே சூட்டைக் கிளப்பும். டிஸ்ப்ளே 18, உள்ளே தெர்மாமீட்டர் விட்டா 22. அந்தச் சூட்டுல சில ஏல் (ஒரு பீர் ரகம்) ஈஸ்ட் போட்டா நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி வரலாம்.

சென்சாரை ஃபெர்மென்டர் (பீர் புளிக்கிற பாத்திரம்) பக்கவாட்டுல, திரவ மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேல மடிச்ச ஸ்பாஞ்ச் வெச்சு டேப் சுத்தினேன். பெட்டியோட செட்டிங்ல எஃப்2 வித்தியாசத்தை, அதாவது எத்தனை டிகிரி விலகினா அது வேலையைத் தொடங்கணும்ங்கறதை, 0.5ல இருந்து 1 ஆக்கினேன். கம்ப்ரஸர் தாமதம் எஃப்3, அதாவது ஃபிரிட்ஜ் நின்னா மறுபடி ஓடறதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரம், 3 நிமிஷத்துல இருந்ததை 10 ஆக்கினேன். ஃபிரிட்ஜோட சொந்த தெர்மோஸ்டாட்டைக் கடைசி குளிருக்குத் திருப்பி வைங்க, இல்லேன்னா அது தனியா ஒரு முடிவெடுக்கும்.

சிங்கைப் புளிப்பன்

அண்ணே, எனக்கு நேர்மாறு. இங்க வருஷம் முழுக்க 30 டிகிரி, ஹீட்டர் பேச்சே கிடையாது. நம்ம வீட்டுக்குச் சொந்த உபயோகத்துக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும்தான் போடலாம், அதனால ஒரு பேட்ச் வீணானாலும் வலிக்கும்.

ஒரு நாள் ஏர்லாக்ல (உள்ள இருக்கிற வாயு குமிழியா வெளியேறுற மூடி) சத்தமே இல்ல. டிஸ்ப்ளே 20. ஃபிரிட்ஜைத் திறந்தா கை விறைக்குது, ஃபெர்மென்டர் வெளியே நீர் கோத்து வழியுது. ஈஸ்ட் மொத்தமும் அடியில படுத்துடுச்சு. எஃப்4ல ஆஃப்செட் (காட்டற எண்ணைக் கூட்டிக் குறைக்கிற திருத்தம்) போட்டுச் சரிபண்ணுன்னு ஒரு நண்பர் சொன்னார். போட்டேன், மறுநாள் திரும்பவும் தப்பு. அதுதான் துப்பு. அளவு மாறாத பிழைன்னா ஆஃப்செட் போதும், நாளுக்கு நாள் நகர்ற பிழைக்கு அது உதவாது.

இந்தப் பெட்டிகளோட வர்ற சென்சார் என்டிசி ரகம், சூட்டுக்கேத்தபடி மின்தடை (ஓம்) மாறும்: 25 டிகிரியில 10 கிலோ ஓம், சூடு ஏற ஏற ஓம் குறையும். வயர் உள்ளே நுழையற மூடி வழியா ஈரம் புகுந்தா அந்த ஈரமும் கொஞ்சம் கரண்டைக் கடத்தும், ஓம் குறையும், பெட்டி "சூடா இருக்கு"ன்னு நினைச்சு ஃபிரிட்ஜை விடாம ஓட்டும். நம்ம ஊர் ஈரத்துல இது சகஜம். ஐஸை நொறுக்கி, கொஞ்சம் தண்ணி விட்டு, நல்லா கலக்கி அதுல சென்சாரை விட்டுப் பாருங்க. 0 காட்டணும். என்னுது 6ல ஆரம்பிச்சு மெல்ல ஏறிட்டே போச்சு! புது சென்சார் மாட்டி, வயர் நுழையற இடத்துல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி இறுக்கிற பிளாஸ்டிக் குழாய்) போட்டேன். பீர் பிழைச்சது: 20க்கு ஏறவிட்டு, ஃபெர்மென்டரை மெல்லச் சுழற்றிவிட்டதுல ஈஸ்ட் எழுந்துடுச்சு.

ஸ்காபரோ நிலவறை

இஞ்ச கனடாவிலை வேற கதை. கனபேர் புதுசா வயர் குடுத்துப்போட்டு "அண்ணை, கூல் லைட் எரியுது, ஃபிரிட்ஜ் ஓடேல்லை" எண்டு ஃபோன் எடுக்கிறவை. பின்னாலை 1, 2 பவர். 3, 4 சென்சார். 5, 6 சூடு. 7, 8 குளிர். 5லையிருந்து 8 வரைக்கும் ஒண்டிலையும் தானா கரண்ட் வராது, அது வெறும் சுவிட்ச். லைவ் வாற முனையிலையிருந்து 5க்கும் 7க்கும் ஒவ்வொரு துண்டு வயர் இழுக்கோணும். பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் கை வையுங்கோ.

என்ரை பெட்டியை மச்சான் ஒருத்தர் இரவல் கொண்டுபோய் 1500 வாட்ஸ் ரூம் ஹீட்டரைக் கொளுவினவர். 120 வோல்ட்டிலை அது 12.5 ஆம்பியர், பெட்டிக்குள்ளை சுவிட்ச் வேலை செய்யிற ரிலே தாங்கிறது 10. திரும்பி வந்த பெட்டி பாக்க நல்லாத்தான் கிடந்தது. சூட்டு லைட் நிண்ட பிறகும் பெல்ட் சுடுது. ரிலே உள்ளுக்கை ஒட்டிப் பிடிச்சிட்டுது. பவரை எடுத்துப்போட்டு, 5, 6 வயரையும் கழட்டிப்போட்டு மீட்டர் வைச்சால் ஓம் 0 காட்டினது. ஸ்க்ரூ டிரைவர் பிடியாலை தட்டினால் விடும் எண்டு சொல்லுவினம். விடும்தான், பேந்து ஒட்டும். தூக்கி எறியுங்கோ.

ரைன்கரை

ரெடிமேட் பெட்டி இல்லாம அர்டுயினோவும் (நாமே கோட் எழுதி ஓட்டற சின்ன போர்டு) டிஎஸ்18பி20 டிஜிட்டல் சென்சாரும் வெச்சு ஓட்டறவங்களுக்கு: திடீர்னு 85 டிகிரி காட்டினா பயப்படாதீங்க. அந்த சிப் பவர் வந்ததும் சொல்ற ஆரம்ப எண் அது. அளந்து முடிக்க 12 பிட் துல்லியத்துல 750 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆகும். அதுக்கு முன்னாடி கேட்டாலோ, நடுவுல பவர் தட்டினாலோ 85 வரும். -127 வந்தா சென்சாரைப் படிக்கிற லைப்ரரிக்கு (ரெடிமேட் கோட்) சென்சாரே கிடைக்கலைன்னு அர்த்தம், பெரும்பாலும் வயர் கழண்டிருக்கும்.

என்னுதுல ஃபிரிட்ஜ் ரிலே "டக்"னு விழற ஒவ்வொரு தடவையும் 85 வந்தது. ரிலேக்குத் தனி அடாப்டர் கொடுத்தேன், டேட்டா லைன்ல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இறுக்கமா இருக்கான்னு பார்த்தேன், நின்னுடுச்சு. இருந்தாலும் 85, -127 ரெண்டையும் கோட்லயே தள்ளிவிடுங்க. இல்லேன்னா பீர் கொதிக்குதுன்னு நம்பி ஃபிரிட்ஜை ஓட்டும்.

சிங்கைப் புளிப்பன்

ஸ்காபரோ அண்ணே, அங்க குளிர்ல தோசை மாவுக்கும் இதே பெட்டியைத்தான் வெச்சிருக்கீங்களாமே?

ஸ்காபரோ நிலவறை

ஓம் தம்பி. பெரிய கூலர் பெட்டிக்குள்ளை பெல்ட்டும் மாச்சட்டியும், 30 டிகிரி. சென்சார் சட்டி வெளிப்பக்கத்திலை, அதே ஸ்பாஞ்ச். சட்டி பாதிதான் நிரப்புறது, பொங்கினால் பெல்ட்டைத் துடைக்கிறது நான்தானே.