மாத்திரை எடுக்க ரோபோ வந்தாச்சு, இனி மருந்தாளுநர் எதற்கு? பார்த்ததைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (மருத்துவமனை மருந்தாளுநர்)

எங்கள் மருந்தகத்தில் ரோபோ வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை தண்டவாளத்தில் ஓடும், பார்கோடைப் படிக்கும், பெட்டியை உருவிச் சறுக்கில் தள்ளும். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே நிறம், ஒரே அளவு, பெயரில் ஓரெழுத்து வித்தியாசம் என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளில் தப்பானதை எடுத்துவிடுவோமோ என்பது எங்கள் ஆட்களின் தீராத பயம். அமெரிக்காவில் 'லோசெக்' என்ற வயிற்று அமில மருந்தை 'லேசிக்ஸ்' என்ற நீர்மாத்திரையோடு குழப்பிக்கொண்டதால் 1990-ல் அதன் பெயரையே 'பிரைலோசெக்' என்று மாற்ற வேண்டி வந்தது. பெட்டியை மாற்றி எடுக்கும் பயம் எனக்கு இப்போது இல்லை. ரோபோவுக்கு நன்றி.

அடுத்தது நான் சொல்ல வந்த விஷயம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஒரு பெரியவர். வாரத்தில் ஒரே ஒரு நாள், 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு. நான்கு வாரத்துக்கு 16. பதினாறு நாள் கழித்து, "தீர்ந்துபோச்சு, குடுங்க" என்று வந்து நின்றார். கணினி சிவப்புக் கட்டம் காட்டியது: இன்னும் 12 நாள் இருக்கிறது. சரியான பதில். கவுண்ட்டரில் இருந்த பையனும் அதையே சொல்லி அனுப்பப் பார்த்தான்.

நான் அந்தப் பக்கம் போனது தற்செயல். "எப்படிங்கய்யா அதுக்குள்ள தீர்ந்துச்சு?" என்று கேட்டேன். மகள் ஆசையாக ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இவர் அறைக்கு ஒன்றாகப் போட்டு தினமும் விழுங்கியிருக்கிறார். "வாயெல்லாம் புண்ணு, தண்ணி பட்டாலே எரியுது" என்று போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கை சில்லிட்டது. புது அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. உடம்பில் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள்தான் முதலில் அடிவாங்கும்: வாயின் உட்புறம், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை. உடனே மருத்துவரிடம் அனுப்பினோம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. பிழைத்துக்கொண்டார்.

லேபிளில் 'வாரம் ஒருமுறை' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கணினியும் கொடுக்காதே என்று சரியாகத்தான் சொன்னது. ஏன் தீர்ந்தது என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

நோயாளி, வார்ஃபரின் சாப்பிடுபவர்

என்னுடையது சின்னது. பல் வீக்கத்துக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று பல் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். வார்ஃபரினை எப்போதும் வேறு இடத்தில் வாங்குவேன், அதனால் இந்த இடத்துக் கணினிக்கும் தெரியாது. சீட்டை வாங்கியவர் என் முன்கையில் இருந்த கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு, "விழுந்தீங்களாம்மா? ரத்தத்துக்கு ஏதாச்சும் மாத்திரை ஓடுதா?" என்றார். வார்ஃபரின் உடைந்து வெளியேறுவதை மெட்ரோனிடசோல் தாமதப்படுத்தும், ரத்தம் அளவுக்கு மீறி இளகிவிடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அவரே போன் போட்டுப் பேசி வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார்.

எதிர்க்கருத்து உள்ளவன்

எல்லாரும் கண்ணீர் விடுவதற்குள் நானும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைபாட்டுக்கு ஆறு வருடமாகத் தைராக்சின் சாப்பிடுகிறேன். நடுவில் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் சேர்ந்தது. இரண்டையும் காலையில் ஒன்றாகவே போட்டுக்கொள்வேன். இரண்டையும் ஒரே கவரில் போட்டு, ஒரே மனிதர்தான் மாதாமாதம் நீட்டினார். நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராக்சின் குடலிலேயே கட்டுண்டு உடம்பில் சேராது என்று ஒரு நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னது யார் தெரியுமா? போனில் இருக்கும் ஒரு செயலி. மருந்துப் பெயர்களை ஏற்றிய அரை நிமிடத்தில் சொல்லிவிட்டது.

கவரில் போட்டுக் கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால், மன்னிக்கவும், ரோபோ போதும்.

தொடங்கியவர்

உங்களோடு சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை. அவர் செய்தது தப்புதான்.

மருந்தக உதவியாளர்

மருந்தாளுநருக்காக இத்தனை பேர் பேசுகிறீர்கள், எனக்காக ஒருவர் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013-ல் 702 தொழில்களை எடுத்து, எது கணினிமயமாகும் என்று கணக்குப் போட்டார்கள். மருந்தாளுநருக்கு வந்த வாய்ப்பு 1.2 சதவீதம். எங்களுக்கு 92. அதாவது ஒரே மேசையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர்!

இப்போது நான் ரோபோவுக்குத் தீனி போடுகிறேன். பெட்டிகளை ஏற்றுவது, சிக்கிக்கொண்டால் உள்ளே போய் எடுப்பது. முன்பு கையால் எடுத்துக் கொடுத்தபோது யார் எந்த மருந்து வாங்குகிறார், யார் திடீரென்று வலி மாத்திரையை அதிகம் கேட்கிறார் என்று எனக்கு மனப்பாடம். இப்போது ஆட்களின் முகமே தெரிவதில்லை.

மருந்தாளுநர், மென்பொருள் பிரிவுக்கு மாறியவர்

எச்சரிக்கை மென்பொருளின் உள்பக்கம் வேலை பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய மருத்துவமனையில் 2013-ல் நடந்தது இது. 16 வயதுப் பையன், எடை 38.6 கிலோ. வழக்கமாகச் சாப்பிடும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஒன்று கொடுக்க வேண்டும். எடைக் கணக்கில் 193 மில்லிகிராம் வந்தது, மாத்திரையோ 160. வித்தியாசத்தைக் கவனித்த மருந்தாளுநர், 160 என்று திருத்திப் போடச் சொன்னார். மருத்துவர் 160 என்றே தட்டினார். ஆனால் திரை அப்போது 'ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற அலகில் இருந்தது. கணினி பெருக்கிப் பார்த்து முப்பத்தெட்டரை மாத்திரை என்றது.

எச்சரிக்கை வந்தது. மருத்துவர் தள்ளிவிட்டார். மருந்தாளுநருக்கும் வந்தது, அவரும் தள்ளிவிட்டார். ரோபோ சொன்னபடியே பிசகாமல் எடுத்துப் பொட்டலம் போட்டது. தாதி சந்தேகப்பட்டு பார்கோடைப் படித்துப் பார்த்தார். அளவு சரி என்றது திரை. பையன் விழுங்கினான். வலிப்பு வந்தது. நல்லவேளை, உயிர் தப்பினான்.

இதை வைத்து 'பார்த்தீர்களா, ரோபோ ஆபத்து' என்று யாராவது கிளம்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே மனிதர்களும் இருந்தார்கள். எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை படிக்காமலோ பொருட்படுத்தாமலோ தள்ளப்படுகின்றன என்று 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. நான் கவுண்ட்டரில் இருந்தபோது என் கணக்கும் அந்த மேல் எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அற்ப விஷயத்துக்கும் அலறும் திரை முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், விரல் தானாகவே 'சரி'யை அழுத்தும். அப்படி ஆகிவிட்ட மருந்தாளுநர் ஏற்கெனவே பாதி இயந்திரம்தான். அவரை மாற்றுவது சுலபம்.

எதிர்க்கருத்து உள்ளவன்

இதைத்தான் நானும் வேறு மாதிரி சொன்னேன்.

தொடங்கியவர்

உண்மைதான். ரோபோ வாங்கும்போது எங்களிடம் சொன்னது, "எடுத்து வைக்கும் நேரம் மிச்சமாகும், நோயாளிகளோடு உட்கார்ந்து பேசலாம்" என்று. மிச்சமானது நிஜம். ஆனால் அந்த நேரம் எங்கள் கைக்கு வரவில்லை. ஒருவர் விலகினார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பேசுவதற்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் இப்போது ரோபோவின் உதிரிபாகங்கள் அடுக்கியிருக்கின்றன. என் வேலையை இயந்திரம் பிடுங்கும் என்ற பயத்தைவிட, இயந்திரம் மிச்சப்படுத்தியதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தைராக்சின் நண்பர் சொன்ன ஆளுக்கும் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் கிடைத்ததோ தெரியாது. அது சாக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உதவியாளர் நண்பரே, எங்கள் கவுண்ட்டரில் இருக்கும் அந்தப் பையனை, வருபவர்களிடம் கேள்வி கேட்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். "தீர்ந்துபோச்சு" என்று சீக்கிரம் வந்தால் முதலில் எப்படி என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மருந்தாளுநர்தான் வேண்டும் என்று இல்லை, உங்களைப் போல முகம் தெரிந்தவர் இருந்தால் இன்னும் நல்லது.

பெரியவர் போன மாதம் மறுபடி வந்தார். ரத்தம் தேறிய பிறகு மருத்துவர் அதே மருந்தைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். ரோபோ வழக்கம்போல எடுத்துத் தள்ளியது. அச்சான லேபிளுக்கு மேலேயே தடித்த பேனாவால் 'புதன் மட்டும்' என்று எழுதி, டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, மற்ற ஆறு அறைகளும் காலியாக இருப்பதை அவரையே திறந்து காட்டச் சொன்னேன். பின்னால் வரிசையில் ஏழு பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.