வளவை விற்க முதல் இதை வாசியுங்கள்: வெளிநாட்டில் பல் வைத்தியம் படிக்கப் பணம்

நான் இப்போது யாழ்ப்பாணம் வந்து நிற்கிறேன். கோண்டாவிலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மா, ரொறன்ரோவில் இருக்கிற பேத்திக்கு டென்டல் கிடைத்துவிட்டது என்று வளவை விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த கனபேர் வீட்டில் இதே கதைதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காணி, நகை, சீட்டுக் காசு எல்லாவற்றையும் கடைசியாகத் தொடுங்கள். முதலில் அரசாங்கக் கடன், பிறகு பல்கலைக்கழகத்தின் உதவி, அதற்குப் பிறகுதான் வங்கி. இந்த ஒழுங்கை மாற்றினால் வட்டிதான் ஏறும்.

பெற்றோர் பதறுவது எனக்கு விளங்குகிறது. ஊரில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டால் படிப்பு இலவசம், சாப்பாடும் தங்குமிடமும்தான் யோசனை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் உள்ளூர்ப் பிள்ளைக்கே வருடக் கட்டணம் 40,000 டொலருக்கு மேல், அதுவும் நாலு வருடம், கருவிகளுக்குத் தனியாக. இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கப் போகிறவர்கள் அங்கேயும் குறைவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் விசா நிலை. கனடாவில் குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அல்லது அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலை, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் ஓசாப் என்கிற ஒன்ராறியோ மாணவர் உதவி கிடைக்கும். அகதிக் கேஸ் இன்னும் முடியாதவர்களுக்கும் மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் அது இல்லை. இன்னொன்று, பல்கலைக்கழகம் எந்த மாகாணத்தில் இருக்கிறது என்பதை வைத்துக் கடன் தருவதில்லை. முழுநேரப் படிப்பில் இல்லாமல் கடைசியாகத் தொடர்ந்து 12 மாதம் எந்த மாகாணத்தில் இருந்தீர்களோ, பொதுவாக அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஒன்ராறியோப் பிள்ளைக்கு மனிற்றோபாவில் இடம் கிடைத்தாலும் ஓசாப்தான்.

ஓசாப்புக்கு விண்ணப்பிக்கக் காசு கட்டத் தேவையில்லை, ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். யாராவது எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் அந்த ஆளை விடுங்கள். அதில் மத்திய அரசின் பங்கும் மாகாணத்தின் பங்கும் சேர்ந்து வரும். மத்திய அரசின் கடனுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே கிடையாது. மாகாணப் பங்குக்குப் படிப்பு முடிந்த பிறகு வட்டி ஓடும். டென்டல் கட்டணம் முழுவதற்கும் ஓசாப் காணாது, அது உண்மை. "காணாதுதானே, ஏன் போடுவான்" என்று விடுகிறவர்கள்தான் பெரிய நட்டம் அடைகிறார்கள். ரொறன்ரோவில் யூட்டாப்ஸ் என்று ஒரு உதவி இருக்கிறது, அரசாங்கக் கடன் எடுத்தும் இன்னும் எவ்வளவு தேவையாக நிற்கிறது என்று பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். ஓசாப் போடாமல் அந்தக் கணக்குக்குள் வருவது கஷ்டம். இடம் கிடைத்த பிள்ளை காசில்லாததால் சேராமல் போகவோ இடையில் நிற்கவோ கூடாது என்பது அந்தப் பல்கலைக்கழகம் 1998இல் எழுத்தில் வைத்த கொள்கை. அனுமதிக் கடிதம் வந்த கிழமையே நிதி உதவி அலுவலகத்துக்குப் போய் உங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

மிச்சத்துக்குத்தான் வங்கியின் லைன் ஒஃப் கிரெடிட், அதாவது ஒரு வரம்புக்குள் தேவைப்படும்போது எடுக்கிற மாணவர் கடன். பல் வைத்திய மாணவர்களுக்குச் சில லட்சம் டொலர் வரைகூடத் தருவார்கள். எடுத்த காசுக்கு மட்டும் வட்டி, படிக்கும்போது வட்டியை மட்டும் கட்டினால் போதும். ஆனால் அந்த வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும், அதனால் செமஸ்டருக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். புதிதாக வந்தவர்களிடம் பெரும்பாலும் பிணைக் கையெழுத்துக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பன் பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகத்தில் கைக்காசு வேலை, வரிக் கணக்கில் பகல் வேலை மட்டும். வங்கியில் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மெண்டை, அதாவது வரிக் கணக்குக் கொடுத்த பிறகு வரி அலுவலகம் அனுப்புகிற கடிதத்தைக் கேட்டார்கள், அதில் இருந்த வருமானம் காணாது. வீட்டில் உண்மையில் காசு வந்துகொண்டிருந்தது, காகிதத்தில் அது இல்லை. கடைசியில் பிள்ளையின் மாமாதான் கையெழுத்து வைத்தார். வருமானம் குறைவோ கூடவோ, எல்லாரும் ஒவ்வொரு வருடமும் ஒழுங்காக வரிக் கணக்குக் கொடுங்கள், ஓசாப்பும் அதைத்தான் பார்க்கும். கையெழுத்து வைக்கிறவருக்கும் சொல்லிவிடுங்கள்: பிள்ளை கட்டாவிட்டால் முழுக் கடனும் அவர் தலையில்தான்.

ஊரிலிருந்து காசு எடுத்தே ஆக வேண்டும் என்றால் வங்கி வழியாக எடுங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் வந்த காசு எங்கிருந்து வந்தது என்று பிறகு யாரும் கேட்டால் காட்ட ஒரு துண்டும் இருக்காது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் நல்லது. உள்ளூர் மாணவர் கட்டணம் 2025–26இல் 9,535 பவுண், அதை அரசாங்கக் கடனே கட்டும், ஐந்தாம் வருடக் கட்டணத்தை என்எச்எஸ் பேர்சரி என்கிற அரச சுகாதார சேவையின் உதவித்தொகை ஏற்கும். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் இந்தக் கடனுக்கு அந்த நாட்டில் மூன்று வருடம் இருந்து காத்திருக்கத் தேவையில்லை, நிரந்தர வதிவிடக்காரருக்குப் பொதுவாக அந்த மூன்று வருடக் கணக்கு உண்டு. அவுஸ்திரேலியாவில் பிஆர் என்கிற நிரந்தர வதிவிடம் மட்டும் இருந்தால் அரசு மானிய இடம் கிடைக்கலாம், ஆனால் ஹெக்ஸ் என்கிற அரசாங்கக் கட்டணக் கடன் பொதுவாகக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மனிதாபிமான நிரந்தர விசாக்காரர்களுக்கும்தான். குடியுரிமைக்குத் தகுதி வந்தவர்கள் தள்ளிப்போடாமல் விண்ணப்பியுங்கள்.

பேராதனையில் பிடிஎஸ் என்கிற பல் வைத்தியப் பட்டம் முடித்துக் கனடா வந்த அக்காமார் அண்ணாமாரும் கேட்கிறீர்கள். நீங்கள் திரும்ப நாலு வருடம் படிக்க வேண்டும் என்றில்லை, தேசியப் பல் வைத்தியத் தேர்வுச் சபையின் சமநிலைப் பரீட்சைகள் வழியாகவும் வரலாம். பரீட்சைக் கட்டணங்கள் பெரியவை, கைவேலைப் பரீட்சைதான் அதிகம் பயிற்சியும் காசும் கேட்பது. அதற்கு விண்ட்மில் மைக்ரோலெண்டிங் என்ற தொண்டு நிறுவனம், தொழில் உரிமம் எடுக்கிற குடிவரவாளர்களுக்கு, கனடாவில் கடன் வரலாறு இல்லாவிட்டாலும், கடன் கொடுக்கிறது. கிரெடிட் கார்டில் பரீட்சைக் காசு கட்ட முதல் அங்கே கேளுங்கள்.