ஹார்மோன் மாத்திரை கேட்டு வாற காலேஜ் பிள்ளைகள்: நெல்லைப் பக்கம் கண்டது

மருந்துக்கடை அண்ணாச்சி, பாளை:
காலேஜ் படிக்கிற திருநங்கைப் பிள்ளை. கருத்தடை மாத்திரை நாலு அட்டை கேட்டது. யாரோ சொன்னாங்கன்னு தினம் நாலு மாத்திரை போடுதாம். கூடவே ஒரு தைலமும் வேணுமாம், கால் கடுக்குதுன்னு. பார்த்தா வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தோல் பளபளன்னு நிக்குது. அந்த மாத்திரையில இருக்கது எத்தினைல் எஸ்ட்ராடியால்ங்கிற செயற்கைப் பெண் ஹார்மோன், ரத்தம் உறையவைக்கும். அப்படி உறைஞ்ச காலைத் தேய்ச்சா கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போயிரும். தைலமும் இல்ல, மாத்திரையும் இல்லன்னு ஆட்டோ பிடிச்சு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. "தேய்க்கவே கூடாதா?"ன்னு அது கேட்டது இன்னும் காதுல நிக்குது.

வண்ணார்பேட்டை அக்கா:
அண்ணாச்சி, நீங்க சொல்லுதது சரிதான். ஆனா படிக்கிற பிள்ளைக ஹார்மோனே விஷம்னு நினைச்சுரும்லா. டாக்டர் எழுதுறது எஸ்ட்ராடியால் வேலரேட், அது வேற வகைப் பெண் ஹார்மோன். பெரும்பாலும் 2 மில்லிகிராம்ல தொடங்கி, ரத்தம் பார்த்து ஏத்துவாங்க. அதுல உறையுற ஆபத்து குறைவு, ஜெல்லா தோல்ல பூசினா இன்னும் குறைவு. சிகரெட் இருந்தா விடணும். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தா பொட்டாசியம் ஏறும். நம்மூர் வெயிலுக்கு இளநீரா குடிச்சுத் தள்ளுத பிள்ளைக இதை டாக்டர்ட்ட சொல்லணும். பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுத கிரியாட்டினின் ரெண்டும் மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் பார்க்கணும். எழுந்திரிச்சா தலை சுத்தும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும்.

வயசு 18 முடிஞ்சிருக்கணும். முதல்ல மனநல டாக்டர் கடிதம், பிறகு ஹார்மோன் டாக்டர். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில திருநர் கிளினிக் இருக்கு, எந்தக் கிழமைன்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க. "மனசை மாத்திரலாம்"னு ஒரு டாக்டர் இழுத்தா கும்பிடு போட்டு வெளிய வந்துருங்க. அந்த மாதிரி சிகிச்சை தொழில் ஒழுங்கீனம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே சொல்லிட்டு.

லேப் டெக்னீசியன், அம்பை:
எல்லாரும் திருநங்கை பத்தியே பேசுதீய. டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் ஊசி போடுத திருநம்பி ஒருத்தர். ஹீமோகுளோபின் 15.8. படிவத்துல "பெண்"னு இருந்ததால கம்ப்யூட்டர் அந்த எண்ணுக்குப் பக்கத்துலயே "அதிகம்"னு தடிச்ச எழுத்துல அடிச்சுட்டு. குடும்ப டாக்டர் ஊசியை நிறுத்தச் சொல்லிட்டாரு. ஆம்பளை அளவுக்கு அது சரியான எண்ணுதான், ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயப்பட வேண்டியது ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினா. டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கது ரெண்டு ஊசிக்கு நடுவுல. ஊசி போட்ட மறுநாள் எடுத்தா எக்கச்சக்கமா காட்டும், அடுத்த ஊசிக்கு முந்தின நாள் எடுத்தா தரையில கிடக்கும். கடைசி ஊசித் தேதியை ரிப்போர்ட் மேலேயே எழுதச் சொல்லுங்க. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கணும்.

வண்ணார்பேட்டை அக்கா:
இதையும் சேர்த்துக்கிடுங்க தம்பி. ஊசி போட்டு மாசத் தூரம் நின்னுட்டுன்னா கரு தரிக்காதுன்னு அர்த்தமில்ல. ஊசி கருத்தடை ஆகாது. பின்னாடி பிள்ளை வேணும்னு நினைக்கிறவங்க, விந்தோ கருமுட்டையோ சேமிக்கிறதைப் பத்தி முதல் மாத்திரைக்கு முன்னாலயே டாக்டர்ட்ட கேட்டுரணும்.