வூஸ்டர் தெருவில் நான் பல்பு வாங்கிய கதை

அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஃபிராங்க் பெப்பே பீட்சா கடைக்கு முதல்முறை போனபோது, சின்னப் பையனும் கூட இருக்கிறானே, காரம் கீரம் இல்லாமல் இருக்கட்டும் என்று 'பிளெயின்' ஒன்று சொன்னேன். வந்தது தக்காளிச் சாறு, மேலே கொஞ்சம் துருவிய பெகோரினோ என்ற கெட்டி சீஸ், அவ்வளவுதான். உருகி வழியும் சீஸ் எங்கே என்று கேட்டேன். பரிமாறிய அம்மா இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் போல, மொட்ஸரெல்லா இங்கே டாப்பிங் கணக்கு, தனியாகச் சொல்லணும் என்றார். ஊர்க்காரர்கள் அதை 'மூட்ஸ்' என்பார்களாம், பீட்சாவே அவர்கள் வாயில் 'அபீட்ஸ்'தான், இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சு.

அடுத்தது அந்தக் கரி. நிலக்கரி அடுப்பு என்பதால் ஓரமெல்லாம் கருத்திருந்தது, வட்டமும் இல்லாமல் நீள்வட்டமும் இல்லாமல் காகிதம் விரித்த தகரத் தட்டில் கிடந்தது, துண்டுகளும் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. "தோசை தீஞ்சிடுச்சுப்பா" என்றான் பையன். அப்புறம் அந்தக் கருகின ஓரத்துக்குத்தான் அவனுக்கும் எனக்கும் சண்டை.

—

அண்ணா, அங்கே போய் பிளெயினா? அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் அடுத்த தடவை மட்டி பீட்சா சொல்லுங்கள். தக்காளியே கிடையாது, மட்டிச் சதை, பூண்டு, ஆரிகனோ, ஆலிவ் எண்ணெய், துருவிய சீஸ். பீட்சா மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே பூண்டு வாசம் வந்துவிடும். நான் யாழ்ப்பாணம், மட்டியைத் தேங்காய்ப்பாலில் மட்டுமே கண்டவள், ரொட்டி மேலே என்றதும் முகம் சுளித்தேன். இப்போது நியூ ஹேவன் பக்கம் போனால் முதலில் அதுதான். தயவுசெய்து அதில் மூட்ஸ் போடச் சொல்லாதீர்கள், மட்டி ருசியே அமுங்கிப்போகும்.

—

பெப்பே கடை 1925இல் தொடங்கியது, ஃபிராங்க் பெப்பே இத்தாலியின் மயோரியிலிருந்து வந்தவர். அதே தெருவில் 1938இல் தொடங்கிய சாலிஸ் பீட்சா கடை யாருடையது தெரியுமா? பெப்பேயின் சகோதரி மகன் சால்வதோரே கன்சீலியோவுடையது, அதாவது நம் கணக்கில் தாய்மாமன் கடை, மருமகன் கடை! சாலிஸைக் குடும்பம் பிற்பாடு விற்றுவிட்டது. ஆனாலும் ஊரில் இன்னும் இரண்டு கட்சிதான். என் ஆபீஸில் மதிய சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்று மணி மீட்டிங் நடக்காது. நான் மாமன் கட்சி.