பாலாவி ரன்வேயும் பிளேன் இழுத்த யானையும்

அஸ்ஸலாமு அலைக்கும். அன்பின் புத்தளம் உறவுகளே,

பாலாவி ரன்வேயை யார் போட்டது என்று போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார். கற்பிட்டிக்குத் திரும்பும் சந்திப் பக்கம் போகும்போதெல்லாம் விமானப்படை முகாம் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அது உண்மையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியக் கடற்படைத் தளம்.

1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அதே 9ஆம் திகதி ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். அதற்குப் பிறகு இலங்கையில் தளங்கள் பெருகின. நம்முடையது 1943இல் கடற்படையின் கைக்கு வந்தது. கடற்படை விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இங்கே சிங்களப் பெயர்களையே எடுத்தார்கள். கட்டுக்குருந்தைக்கு 'உகுஸ்ஸா', நமக்கு 'ராஜாலியா', கழுகு.

சரி, கடற்படைக்குத் தரையில் என்ன வேலை? நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து விமானம் கிளம்புவது கஷ்டம். அதனால் கப்பல் துறைமுகத்துக்குள் வருமுன்பே விமானங்கள் பறந்துவந்து தரையில் இறங்கிவிடும். மறுபடி கப்பல் புறப்படும்வரை பயிற்சியெல்லாம் கரையில்தான். புத்தளத்துக்கு வந்தவற்றில் கோர்செயர் என்ற அமெரிக்க விமானமும் ஒன்று. மூக்கு அத்தனை நீளம். இறங்கும்போது ஓட்டுபவருக்கு நேர்முன்னே எதுவும் தெரியாது. இருபது வயதுப் பையன்கள் அதைக் குறுகிய கப்பல் தளத்தில் இறக்கப் பழக வேண்டியிருந்தது.

எங்கள் உம்மும்மா, "பிளேன ஆனை இழுத்திச்சு மகன்" என்று சொல்லுவா. தூங்கவைக்கச் சொல்லும் கதை என்றே நினைத்திருந்தேன். பல வருஷம் கழித்து, லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படத்தொகுப்பில் அதைக் கண்ணால் கண்டேன். இறக்கை மடித்த கோர்செயர், பக்கத்தில் யானை, இடம் புத்தளம். மழைக்காலச் சேற்றில் வண்டிகள் திணறும்போது விமானங்களை நகர்த்தியது யானைதான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உம்மும்மா இருந்திருந்தால் உடனே போன் எடுத்திருப்பேன்.

யானை வந்தது என்றால் பாகனும் வந்திருப்பான். காடு வெட்டியவர்கள், மண் சுமந்தவர்கள், சமைத்தவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்களாகத்தானே இருப்பார்கள்? உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே கேளுங்கள். போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள்; எழுதித் தொகுப்பது என் பொறுப்பு. பழைய போட்டோ, சம்பளத் துண்டு எது கிடைத்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.