ராத்திரி வேலைக்குச் சார்ஜ் டார்ச்: பெட்டியில் போட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வரப்புக்காரன்
வரப்பில் நடக்க, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க, எப்போதாவது எதிர்க் கொல்லை வரை அடித்துப் பார்க்க. இந்த மூன்றுக்கும் ஒரே டார்ச் போதுமா? கடையில் “10,000 லூமன்” 600 ரூபாய், “1,000 லூமன்” 2,500 ரூபாய் என்கிறார்கள். குறைந்த எண்ணுக்கு ஏன் கூடுதல் விலை?

சால்டரிங்
அந்த 600 ரூபாய்ப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாங்க அண்ணே. ஒரு பெருக்கல் போட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். டார்ச்சுக்குள் ஆகும் இழப்பெல்லாம் போக, வெள்ளை எல்ஈடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். ஒற்றை லித்தியம் செல் 3.6 வோல்ட், கிட்டத்தட்ட 28 ஆம்பியர் இழுக்க வேண்டும். அந்த 600 ரூபாய் உருப்படிக்குள் இருக்கும் மெல்லிய ஒயரும் ஸ்பிரிங்கும் இதைத் தாங்காது. தாங்கினாலும் கையில் பிடிக்க முடியாத சூடு ஏறும்.

எத்தனை மணி நேரம் எரியும் என்பதற்கும் இதே கணக்குதான். 21700 செல் (21 மி.மீ. பருமன், 70 மி.மீ. நீளம்) 5,000 எம்ஏஎச் என்றால் 3.6 × 5 = 18 வாட்-மணி. அதை 100 லூமனால் பெருக்கினால் 1,800 லூமன்-மணி. அதாவது 300 லூமனில் வைத்தால் 6 மணி நேரம், 1,000 லூமனில் வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். நல்ல எல்ஈடி போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். “2,000 லூமன், 20 மணி நேரம், ஒரே செல்” என்று எவனாவது அச்சடித்திருந்தால் இரண்டில் ஒன்று பொய், பல நேரம் இரண்டும்.

செல்லைத் தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான 18650 செல் (18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம்) 45 முதல் 50 கிராம் இருக்கும், 21700 என்றால் 70 கிராம் பக்கம். 30 கிராமுக்கு வந்தால் வாங்கவே வேண்டாம். 18650 அளவில் 3,500 எம்ஏஎச் சுற்றிலேயே உச்சம் வந்துவிடும். செல்லின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் சட்டையில் “9,900 எம்ஏஎச்” என்று போட்டிருந்தால், பெரும்பாலும் பழைய லேப்டாப் பேட்டரியில் உருவிய செல்லுக்குப் புதுச் சட்டை. செல்லின் மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண், ஐஎஸ் 16046 என்ற குறிப்போடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாரா
லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்வது கேண்டலா. கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கணக்கில் தூரம் வரும். 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர், 40,000 கேண்டலாவுக்கு 400 மீட்டர். ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி அச்சிடும் “பீம் தூரம்” இதுதான். அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. அங்கே நிற்பது மாடா ஆளா என்று அடையாளம் தெரிய வேண்டுமென்றால் அச்சிட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க் கொல்லை 150 மீட்டர் என்றால் 450 மீட்டர் என்று போட்ட டார்ச் வேண்டும், ஏறக்குறைய 50,000 கேண்டலா.

எரியும் நேரத்திலும் இந்த அளவுமுறை ஒரு ஓட்டை விட்டிருக்கிறது. சுவிட்ச் போட்டு 30 விநாடி கழித்து இருந்த வெளிச்சம் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை உள்ள நேரம் முழுவதையும் “ரன்டைம்” என்று எழுதலாம். 1,000 லூமன் இரண்டு நிமிடம் எரிந்துவிட்டு, மீதி மூன்று மணி நேரம் 150 லூமனில் முனகினாலும் பெட்டியில் “1,000 லூமன், 3 மணி” என்றுதான் இருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. நேரம் ஆக ஆக வெளிச்சம் இறங்குவதை வரைபடமாகப் பெட்டியிலோ கையேட்டிலோ கொடுக்கும் கம்பெனியை நம்பி வாங்கலாம்.

வரப்புக்காரன்
அப்போ தூரம் போகிறதையே வாங்கிவிட்டால் வரப்புக்கும் அதுவே ஆகாதா?

பாரா
ஆகாது. தூர டார்ச் காலடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் வெள்ளையாக அடிக்கும். கண் அந்த வட்டத்துக்குச் சுருங்கிவிடுவதால் பக்கத்துப் புல்லில் இருப்பது இருட்டாகிவிடும். வரப்பில் ஆபத்து அந்தப் பக்கத்துப் புல்லில்தான். நடக்க 100 முதல் 200 லூமன் போதும், ஆனால் அகலமாக விழ வேண்டும். ரிஃப்ளெக்டர் கண்ணாடி போல் வழவழவென்று இருந்தால் தூரம் போகும். ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பாக இருந்தால் பரவும்.

இன்னொன்று, டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடியுங்கள். வெளிச்சம் தாழ்வாகச் சாய்ந்து விழுந்தால் மேடு பள்ளத்துக்கும் சுருண்டு கிடப்பதற்கும் நிழல் விழும், கண்ணுக்குச் சட்டென்று படும். நெற்றியில் கட்டும் ஹெட்லைட்டில் வெளிச்சமும் பார்வையும் ஒரே கோட்டில் போவதால் நிழல் தெரியாது, தரை தட்டையாகத் தெரியும். ஹெட்லைட் வேலைக்கு நல்லது, பாம்பு பார்க்க அல்ல.

நிறத்தையும் பாருங்கள். 6,500 கெல்வின் நீல வெள்ளையில் காய்ந்த சருகும் கண்ணாடிவிரியனின் பழுப்பும் ஒரே சாம்பலாகிவிடும். 4,000 முதல் 5,000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கு 100க்குப் போடும் மார்க்) 90 என்று போட்டது வாங்கினால் பழுப்பு பழுப்பாகத் தெரியும். அதே செல்லில் லூமன் கொஞ்சம் குறையும், குறையட்டும். லூமன் இரண்டு மடங்கானாலும் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது. அதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும்.

பேஸ் நியூட்ரல்
ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் சிஆர்ஐ முக்கியம். மலிவு எல்ஈடியில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றுபோலத் தெரியும். அழுக்குப் படிந்த மஞ்சள் ஒயர் வெள்ளையாகத் தெரியும். R, Y, B (சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று பேஸ்) மாறிப் போட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் பேனலுக்குள் அலுமினிய உடம்பு டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள். கை நழுவி இரண்டு பேஸுக்குக் குறுக்கே விழுந்தால் வெடிக்கும். பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உடம்பு, இல்லையென்றால் ஹெட்லைட். வாலில் காந்தம் உள்ள டார்ச் பேனல் கதவில் ஒட்டும், வசதிதான். கதவை அசைத்தால் வழுக்கி உள்ளேதான் விழும். வெளிச் சட்டத்தில் ஒட்டுங்கள், கயிற்றையும் கட்டுங்கள்.

லேத்து
மில்லிலும் பட்டறையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில டார்ச்சில் வெளிச்சத்தைக் குறைக்கும்போது எல்ஈடி விட்டு விட்டு எரியும், கண்ணுக்குத் தெரியாது. லேத்தில் வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றுகிற சக் அந்த வேகத்துக்குப் பொருந்திவிட்டால் நின்றுகொண்டிருப்பது போலவே தெரியும், கை போய்விடும். செல்போன் கேமராவில் குறைந்த வெளிச்சத்தைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் மெஷின் பக்கம் அந்த டார்ச் வேண்டாம்.

சால்டரிங்
பழுதுக்கு வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவருக்கு அதுதான் உதவும்.

இரண்டு முள்ளைத் தள்ளிச் சுவர் பிளக்கில் நேராகச் சொருகும் பழைய வகையில் பெரும்பாலும் 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிதான் இருக்கும். அறுப்பு முடிந்ததும் பரணில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் செத்திருக்கும், தட்டில் சல்பேட் படிந்துவிடும். அதை முழுச் சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும். லித்தியத்துக்கு நேர்மாறு: பாதிச் சார்ஜில் வைக்க வேண்டும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அந்த முள் வகையில் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட் நேராக உள்ளே வருகிறது. சொருகியபடி மூடியைக் கழற்றினால் ஷாக் நிச்சயம். தானாக நிறுத்தும் சர்க்யூட்டும் இருக்காது; விடிய விடிய விட்டால் பேட்டரி உப்பும்.

யூஎஸ்பி-சி என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். மலிவு டார்ச்சில் சாக்கெட் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட மாட்டார்கள். அப்புறம் இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவே ஏறாது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி உள்ள கேபிளில் மட்டும் ஏறும். “டார்ச் போச்சு” என்று கொண்டுவரும் பலவற்றுக்குக் கேபிளை மாற்றினாலே போதும். 5,000 எம்ஏஎச் செல் 1 ஆம்பியரில் நிறைய ஏறக்குறைய 6 மணி நேரம், 2 ஆம்பியரில் 3 மணி நேரம்.

மினுக்கினால் முதலில் எல்ஈடியைச் சந்தேகிக்க வேண்டாம். வால் மூடியைக் கழற்றி, மரையையும் ஸ்பிரிங்கையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். வால் மூடிக்குள் சுவிட்சைப் பிடிக்கும் வளையத்தில் இரண்டு துளை இருக்கும்; அது தளர்ந்திருந்தால் கூர்மூக்குப் பிளையரால் இறுக்குங்கள். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் ஒரு பயறளவு போதும். கையில் கிடைத்த வண்டி கிரீஸைப் பூசினால் சில ரப்பர் உப்பிக் கிழியும்.

தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் சார்ஜிங் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக அமராததால்தான். ஐபிஎக்ஸ்4 என்றால் மழைச் சாரல் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். வாய்க்காலில் விழக் கூடியது ஐபிஎக்ஸ்7 ஆகவே இருக்கட்டும். தலையை முன்னும் பின்னும் இழுக்கும் ஜூம் டார்ச் இதில் தேறுவது அரிது. இழுக்கும்போது காற்றோடு ஈரத்தையும் உறிஞ்சும். முழுக்க ஜூம் செய்தால் பாதிக்கு மேல் வெளிச்சம் உள்ளேயே அடைபட்டு, எல்ஈடியின் சதுரம்தான் சுவரில் விழும். கடையில் வாய் பிளக்க வைக்கும், வேலைக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. நெடுநாள் கிடந்த லித்தியம் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதை உசுப்பிச் சார்ஜ் ஏற்றாதீர்கள். உள்ளே செம்பு கரைந்து படிந்து ஷார்ட் ஆகலாம். சட்டை கிழிந்த செல்லுக்கும் இதே. மின்கழிவில் போடுங்கள்.

ஏழாம் மலை
கோவை பக்கம் வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்களுக்கும் இதே கணக்கு உதவும். அடிவாரம் பூண்டியில் இரவு கிளம்பினால் விடியும் வரை 5, 6 மணி நேரம் எரிய வேண்டும். 150 லூமனில் 6 மணி நேரம் என்றால் 900, ஒரு 3,000 எம்ஏஎச் 18650 செல்லே (10.8 வாட்-மணி, சுமார் 1,080) சரியாக வரும், மிச்சம் அதிகம் இருக்காது. இன்னொரு செல் பிளாஸ்டிக் டப்பியில் வேண்டும். சாவியோடும் சில்லறையோடும் சட்டைப் பையில் போட்டால் பற்றிக்கொள்ளும். ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும், படிக்கட்டில் மறுகையும் வேண்டும், அதனால் அங்கே ஹெட்லைட்தான். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் தலையைக் கீழே சாய்க்கும் கீல் உள்ளதாகப் பாருங்கள். பனிமூட்டத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை விழும். ஹெட்லைட்டைக் கழற்றி இடுப்பருகே பிடித்துக் குறைத்து வையுங்கள்.

பேஸ் நியூட்ரல்
செல் கழற்ற முடிகிறதா என்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள். உள்ளேயே ஒட்டிய செல் என்றால் 300 முதல் 500 சார்ஜில் தளர்ந்ததும் டார்ச்சே குப்பை. கழற்றும் வகையிலும் சில கம்பெனிகள் நேர்முனை, எதிர்முனை இரண்டும் ஒரே பக்கம் உள்ள தனிச் செல் வைக்கின்றன. வெளியில் வாங்கும் சாதாரணச் செல் வேலை செய்யாது. பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள 18650 செல் 69 மி.மீ. வரை நீளும். 65க்கு அளவெடுத்த குழாயில் மூடி மூடாது.

கேஸ் கசிவு, செப்டிக் டேங்க், வெடிமருந்து இருக்கும் இடத்தில் நாம் இங்கே பேசும் எந்த டார்ச்சும் கூடாது. அங்கே பெசோ (வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் பெற்ற, தீப்பொறி வராத வகை மட்டும். கேஸ் வாடை வந்தபின் டார்ச் சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

வரப்புக்காரன்
கடையில் நின்று எப்படிச் சோதிப்பது? கடைக்காரர் விடுவாரா?

பாரா
ஐந்து நிமிடம் கேளுங்கள். செல்போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டு போங்கள். 5 மீட்டர் தள்ளி நின்று அடித்து, வருகிற எண்ணை 25ஆல் பெருக்கினால் கேண்டலா. 400 லக்ஸ் வந்தால் 10,000 கேண்டலா, அதாவது 200 மீட்டர். போன் சென்சார் துல்லியமில்லை, இரண்டு டார்ச்சை ஒப்பிடத் தாராளமாகப் போதும். மொத்த வெளிச்சத்துக்கு இரண்டையும் மாறி மாறிக் கூரையைப் பார்த்து வைத்து, போனை மேசையில் வைத்துப் படியுங்கள். பிறகு உச்ச வெளிச்சத்தில் மூன்று நிமிடம் எரியவிடுங்கள். உடம்பு சூடாகி வெளிச்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம், நல்ல டார்ச் அப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். கைக்கடக்கமான உடம்பு நிலையாகத் தாங்குவது சுமார் 400 முதல் 700 லூமன்தான். மூன்று நிமிடமும் உடம்பு குளிர்ந்தே இருந்தால் ஒன்று லூமன் பொய், அல்லது எல்ஈடியின் சூடு உடம்புக்கு வராமல் உள்ளேயே எரிந்துகொண்டிருக்கிறது.

சால்டரிங்
இரண்டு முனையும் சி உள்ள உங்கள் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். சுவிட்சை நான்கு தரம் அழுத்திப் பாருங்கள். கூட்டு, குறை, அடுத்தது கண்ணைப் பறிக்கும் மினுக்கல் என்று வரிசையில் வந்தால் வரப்பில் நடுராத்திரி எரிச்சல்தான். மினுக்கல் இரட்டை அழுத்தத்தில் ஒளிந்திருக்கும் வகையைக் கேளுங்கள்.

உங்களுக்கு, வரப்புக்காரண்ணே, ஒரே டார்ச் என்றால்: கழற்றும் 21700 செல், ஐபிஎக்ஸ்7, 5,000 கெல்வின், சொரசொர ரிஃப்ளெக்டர், 15,000 கேண்டலா பக்கம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன பிளாஸ்டிக் ஹெட்லைட். எதிர்க் கொல்லை அதில் மங்கலாகத்தான் தெரியும். அதையும் சேர்த்தால் வரப்பில் வெளிச்சம் ஒடுங்கும்.

வரப்புக்காரன்
எதிர்க் கொல்லை போகட்டும். மூட்டைக்குள் வைத்துத் தூக்கும்போது தானாக எரிந்து சார்ஜ் இறங்குவதற்கு வழி?

சால்டரிங்
வால் மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். மரையில் வண்ணப் பூச்சு உள்ள டார்ச்சில் மின்னோட்டம் துண்டாகிவிடும், எவ்வளவு அழுத்தினாலும் எரியாது. மரை வெள்ளி நிறத்தில் வெறும் உலோகமாக இருந்தால் இது நடக்காது, செல்லைத் திருப்பிப் போடாமல் வெளியே எடுத்து டப்பியில் வையுங்கள்.